தாழ்ந்த பக்கம்

சவுத் ஷீல்ட்ஸில் சலவைக்கடைக்கு மேலே
வாரம் நூற்றுப் பத்து பவுண்டுக்கு ஓர் அறை.
கீழே மெஷின்கள் வேகமெடுக்கும்போது
மேசைமேல் என் தேநீர் நடுங்கும்.
மூன்று மாதமாக நான் பார்க்கும் எல்லாத் தண்ணீரும்
பரீட்சைத் தண்ணீர்.

போன தடவை கேப்டன் ராத்போன்
மேசைமேல் ஒரு மரக்கப்பலை வைத்து
ஒற்றை விரலால் இடப்பக்கம் சாய்த்தார்.
"காற்றில்லை. சரக்கு நகரவில்லை. எட்டு டிகிரி.
என்ன செய்வீர்கள், மிஸ்டர் மச்சாது?"
என் பெயரை ஏதோ மீன்போல உச்சரித்தார்.
"உயர்ந்த பக்க டாங்கை நிரப்புவேன்" என்றேன்,
தராசு பிடித்த எவனும் சொல்வதைப்போல.
விரல் நகர்ந்தது.
கப்பல் மறுபக்கம் விழுந்து
பேனாக்களின் மேல் உருண்டது.
"மூன்று மாதம் கழித்து வாருங்கள்."

தேதி தள்ளிப்போயிருக்கு என்று
ரெஜினாளிடம் சொன்னேன்.
அந்த ஒரு பொய்யை எங்கே வைத்தாலும்
மேல்தட்டுச் சரக்காகவே இருந்தது.

பக்கத்து அறை தெமிலாதே லாகோஸ்காரி,
எண்ணெய்க்கப்பலில் சீஃப் ஆபீசர்.
எனக்கு நான்கு நாள் கழித்து அவளுக்கு.
இரவில் அவள்தான் என் ராத்போன்;
கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொள்வாள்.
ஒருநாள் கேக் சுடும் தகரத்தட்டில்
பாதி தண்ணீர் ஊற்றிக் கையில் தந்தாள்.
"படி இறங்கு."
நாலாவது படியில் என் காலுறை நனைந்தது.
நீளவாக்கில் ஒரு ஸ்கேலை நிறுத்தி
சூயிங்கம்மால் ஒட்டி, மறுபடி.
தடுப்புப் போட்டால் நாலில் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும்.
பாதியாவது குறைந்தது. சூயிங்கம் ஒழுகியது.
கீழே மிஸஸ் ஹெஸ்லப் துண்டு மடித்தபடி
அண்ணாந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
இருபது வருடமாக மாலுமிகளுக்கு வாடகைக்கு விடுகிறவள்.

"எங்கள் பக்கம் நிறைகுடம் தளும்பாது என்பார்கள்."
அடங்கிப் பேசுகிறவர்களைப் பற்றியது என்று
இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன்.
"காலிக் குடம்?" என்றாள்.
யோசித்தேன். அதுவும் தளும்பாது.
"பாதி பதில்தான். உன் ஊருக்கு இரண்டு மார்க் போச்சு."

ஞாயிறன்று படகில் டைன் ஆற்றைக் கடந்தேன்.
கடல்நாய் ஒன்று தலை நீட்ட,
இருந்த அத்தனை பேரும் ஒரே கம்பிக்கு ஓடினார்கள்.
நான் எதிர்ப்பக்கம் நின்று
கைக்கடிகாரத்தில் உருளலை எண்ணினேன்.
நாயோடு வந்த ஒருவர் கேட்டார், குமட்டுதா?
இல்லை, நன்றாக நிமிர்கிறது என்றேன்.
நாயை இழுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

நாளை காலை பத்து மணி.
கடைசியாக ஒரு தடவை
தெமிலாதே உப்புக்குடுவையைச் சாய்த்துப் பிடித்தாள்.
நான் உடனே வாய் திறக்கவில்லை.
லிஸ்ட்டா, லாலா? முதலில் அதைப் பார்ப்பேன்.
லால் என்றால், அடித்தட்டு டாங்குகளில் ஆகச் சிறியது,
தாழ்ந்த பக்கத்தில் இருப்பது,
அதில்தான் முதல் தண்ணீர்.
"இன்னும் சாயுமே?"
சாயும்.
"ஆட்களெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பார்கள்."
பார்க்கட்டும். பம்ப்பை நிறுத்தமாட்டேன்.
உப்பு மேசையில் கொட்டிக்கொண்டே இருந்தது.
இருவரும் அதைத் தடுக்கவில்லை.

அவள் தூங்கப் போனபின் போனை எடுத்தேன்.
தூத்துக்குடியில் விடிகாலை நாலே முக்கால்.
முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.
"ரெஜி, அப்போ தேதி தள்ளிப்போகல.
நான் ஃபெயில்."
கீழே கடைசி மெஷின் சுற்றி நின்றது.
"தெரியும்," என்றாள்.
"ரெண்டாவது ஃபீஸ் என் கார்டுலதான போச்சு.
இப்பப் படுங்க."